பெங்கெல்லி எந்த ஊர்ப் பெயர்?

கேள்வி: என் அம்மா பிறந்த வீட்டின் குடும்பப் பெயர் பெங்கெல்லி. அம்மாவுடைய அப்பாவின் அப்பா, கோலார் தங்கவயலில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். 1909 பிப்ரவரியில் அங்கே தேவாலயத்தில் நடந்த அவருடைய திருமணப் பதிவின் நகல் எங்களிடம் இருக்கிறது. பெயர் ஜான், வயது 34, தொழில் ‘அண்டர்கிரவுண்ட் ஏஜென்ட்’, தந்தை பெயர் வில்லியம், தந்தையின் தொழில் ‘மைனர்’ என்று அதில் உள்ளது. ஆனால் வீட்டில் எல்லோரும் அவரை ‘கேப்டன் தாத்தா’ என்றே சொல்வார்கள். பட்டாளத்தில் இருந்தவர் என்று பாட்டி கடைசி வரை நம்பினார். இது வேல்ஸ் நாட்டுப் பெயர் என்கிறார் ஒரு மாமா. ஸ்பானியக் கப்பல் உடைந்து கரையேறியவர்களின் வம்சம் என்கிறார் இன்னொரு மாமா. இணையத்தில் பணம் கட்டி வாங்கிய ‘குலச்சின்னம்’ ஒன்றும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இங்கிலாந்தில் நாங்கள் எந்த ஊர்? மரபணுச் சோதனை செய்தால் தெரியுமா?
— வாசகி, சென்னை

பதில்: ஊரைக் கண்டுபிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விவரத்தில் அதற்கான நூல்முனையும் இருக்கிறது. ஆனால் அந்த முனை குடும்பப் பெயரில் இல்லை, ‘அண்டர்கிரவுண்ட் ஏஜென்ட்’ என்ற தொழிலில் இருக்கிறது. ஆகவே முதலில் கேப்டன் வழக்கைத் தீர்த்துவிடுவோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால், தகரமும் செம்பும் தோண்டிய மண். அங்கே சுரங்க மேற்பார்வையாளரைக் ‘கேப்டன்’ என்று அழைப்பது வழக்கம். பட்டாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிலத்துக்கு அடியில் நடக்கும் வேலையைப் பார்ப்பவர் அண்டர்கிரவுண்ட் கேப்டன். மேலே தாது உடைத்துக் கழுவும் களத்தைப் பார்ப்பவர் கிராஸ் கேப்டன்; சுரங்கக்காரர் பேச்சில் தரைமட்டத்துக்கே ‘புல்’ என்றுதான் பெயர். அதே ஆளைக் கம்பெனிக் கணக்கில் ‘ஏஜென்ட்’ என்று எழுதுவார்கள். ஆக, பதிவேடு சொல்வதும் வீட்டில் சொல்வதும் ஒன்றேதான். வேலையை விட்ட பிறகும் அந்தப் பட்டம் ஆளோடு ஒட்டிக்கொள்ளும், கல்லறைக் கல்லிலும் ஏறும். ராணுவப் பட்டியல்களைத் தேடிக் காசைக் கரைக்க வேண்டாம்.

தங்கவயலுக்கும் கார்ன்வாலுக்கும் இடையே ஒரு கம்பெனி இருக்கிறது: ஜான் டெய்லர் அண்டு சன்ஸ். நிறுவனர் ஜான் டெய்லர் நார்விச் நகரில் பிறந்தவர் என்றாலும், கார்ன்வாலில் க்வென்னப் பகுதியின் பெரிய செம்புச் சுரங்கங்களை நடத்திப் பெயர் வாங்கியவர். 1824-ல் மெக்சிகோவின் ரியால் டெல் மாண்டே வெள்ளிச் சுரங்கத்தை எடுத்தபோது ஆட்களையும் நீராவி எந்திரங்களையும் கார்ன்வாலிலிருந்தே கொண்டுபோனார். அவர் காலத்துக்குப் பின் 1880-ல் அதே கம்பெனி கோலாருக்கு வந்தது. இங்கேயும் வழக்கம் மாறவில்லை: பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துத் தமிழர்கள்; மேற்பார்வைக்குக் கார்ன்வால் ஆட்கள். 1909-ல் தங்கவயலில் பெங்கெல்லி என்ற பெயரோடு அண்டர்கிரவுண்ட் ஏஜென்ட் வேலை பார்த்தவரைக் கார்ன்வாலில் தேடாமல் வேறு எங்கே தேடுவது?

பெயரும் அந்த மண்ணின் பெயர்தான், ஆனால் ஆங்கிலச் சொல் அல்ல. கார்ன்வாலுக்குச் சொந்த மொழி ஒன்று இருந்தது: கார்னிஷ். அதில் ‘பென்’ என்றால் தலை அல்லது முனை, ‘கெல்லி’ என்றால் தோப்பு. இரண்டும் சேரும்போது மெல்லின ஒலியை அடுத்த ககரம் மெலிந்து ஒலிக்கிறது. தங்கம், சங்கம் என்று சொல்லும்போது நம் வாயில் ஆவது போல. ‘தோப்பு முனை’ என்பது பொருள். அப்படி ஒரு பண்ணையில் குடியிருந்தவரைப் பண்ணையின் பெயராலேயே அழைத்தார்கள், நாம் ஊர்ப்பெயரை முதலெழுத்தாகப் போட்டுக்கொள்வதைப் போல. ‘ட்ரெ’, ‘பொல்’, ‘பென்’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் ஆள் கார்ன்வால்காரர் என்று 1602-லேயே ரிச்சர்ட் கேரூ தம் கார்ன்வால் நூலில் எழுதிவைத்தார்.

வேல்ஸ் என்று சொன்ன மாமா பாதி சரி. கார்னிஷும் வேல்ஷும் உடன்பிறந்த மொழிகள். வேல்ஷிலும் ‘பென்’ தலைதான், ‘கெல்லி’ தோப்புதான். தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றிலும் ‘தலை’ ஒன்று போல இருக்கிறது அல்லவா, அந்த உறவு. ஸ்பானியக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். 1595-ல் ஸ்பானியர் வந்து மவுசோல், நியூலின், பென்சான்ஸ் ஊர்களைக் கொளுத்தியது உண்மை. கொளுத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். கார்னிஷ் சொற்களால் ஆன பண்ணைப் பெயரை ஸ்பெயினிலிருந்து யாரும் கொண்டுவந்திருக்க வழியில்லை. (இன்னொரு குழப்பமும் வரும்: மேற்கு ஆஸ்திரேலியாவில் பிங்கெல்லி என்று ஓர் ஊர் உண்டு. அது அங்குள்ள பழங்குடி மொழிப் பெயர், உங்களுக்கு உறவில்லை.)

இதுவரை கேட்டவுடன் ‘அப்படியானால் பெங்கெல்லி என்ற ஊரைக் கண்டுபிடித்தால் போதும்’ என்று தோன்றும். அங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். பெங்கெல்லி என்ற இடம் ஒன்றல்ல. ஸ்லேட்டுக் கல்குவாரிக்குப் பெயர் போன டெலபோல் ஊரே பெங்கெல்லி, மெட்ரோஸ், ராக்ஹெட் என்ற மூன்று குக்கிராமங்கள் சேர்ந்து உருவானதுதான். அது போகக் கிழக்கிலும் மேற்கிலும் அதே பெயரில் பண்ணைகள் உண்டு. தோப்பு இருந்த இடமெல்லாம் தோப்பு முனையும் இருந்தது. அதனால் ஒரு பெங்கெல்லிக்கும் இன்னொரு பெங்கெல்லிக்கும் ரத்த உறவு இருந்தே ஆக வேண்டியதில்லை. போதாததற்கு, கார்ன்வாலில் குடும்பப் பெயர் நிலைபெற்றதே தாமதமாகத்தான். 16-ஆம் நூற்றாண்டிலும் பண்ணை மாறியவர் பெயரும் மாறியது. பழைய ஏடுகளில் ‘இன்னார் அலையஸ் இன்னார்’ என்று இரட்டைப் பெயர்கள் வருவது அதனால்தான். டார்க்கீ நகரின் கென்ட்ஸ் குகையைத் தோண்டிய புவியியலாளர் வில்லியம் பெங்கெல்லி (1812–1894) கிழக்கு லூ என்ற கடற்கரை ஊரில் சிறு கப்பல் ஓட்டியவரின் மகன். உங்கள் தாத்தாவின் தந்தையும் வில்லியம் என்பதால் அவரைக் குடும்ப மரத்தில் சொருகிவிட ஆசை வரும். சொருகாதீர்கள்.

சரியான வழி, தெரிந்த தாளிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போவது. உங்கள் தேவை கார்ன்வாலின் எந்த ‘பேரிஷ்’ என்பது. ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியே பேரிஷ். பழைய பதிவுகள் எல்லாம் அதைச் சுற்றித்தான் கட்டப்பட்டவை.

1909 பதிவில் பிறந்த இடத்துக்குப் பத்தியே கிடையாது. ‘ரெசிடென்ஸ்’ என்ற பத்தி திருமண நாளில் குடியிருந்த இடத்தைத்தான் சொல்லும், அதில் தங்கவயல் என்றே இருக்கும். ஆனால் அடியில் சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். உங்கள் கடிதத்தில் அந்தப் பெயர்கள் இல்லை. உருப்பெருக்கி வைத்துப் படித்து எழுதி வையுங்கள். அயலூருக்கு வேலைக்குப் போனவர்களின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவர் அண்ணன், மச்சான், ஊர்க்காரர் என்று யாராகவாவது இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, தாத்தா இந்தியாவில் இறந்திருந்தால் கல்லறைக் கல்லைப் பாருங்கள். வெளிநாட்டில் இறந்த கார்ன்வால்காரரின் கல்லில் பேரிஷ் பெயரையும் சேர்த்துப் பொறித்திருப்பது உண்டு. அப்படி இருந்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

பிள்ளைகளின் ஞானஸ்நானம், குடும்பத்தாரின் அடக்கம் ஆகியவற்றையும் தேடுங்கள். மதராஸ் மறைமாவட்டப் பாதிரிமார்கள் இந்தப் பதிவுகளின் படிகளை லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். அவை இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில், மதராஸுக்கான என்-2 வரிசையில் இருக்கின்றன. ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பக்கப் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கும்.

இனி இங்கிலாந்துப் பக்கம். 1909 பிப்ரவரியில் வயது 34 என்றால் பிறப்பு 1874 பிப்ரவரிக்கும் 1875 பிப்ரவரிக்கும் நடுவில் விழும். மணப்பெண் இளையவள் என்றால் மாப்பிள்ளை வயதைக் குறைத்துச் சொல்வதும் நடக்கும் என்பதால் இரண்டு பக்கமும் இரண்டு வருடம் தள்ளித் தேடுங்கள். 1881 ஏப்ரல் 3 இரவு எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இந்த ஜான் ஆறு அல்லது ஏழு வயதுப் பையன். அந்த ஆண்டுக் கணக்கின் முழு அட்டவணை ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசம். பெயர் ஜான், தந்தை வில்லியம், வயது 4 முதல் 9, பிறந்த கவுன்டி கார்ன்வால் என்று போட்டுத் தேடினால் பலர் வருவார்கள். அத்தனை பேரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். தந்தை தொழில் செம்பு மைனர், டின் மைனர் என்று இருப்பவர்கள் மேலே. மீனவர், விவசாயி கீழே. யார் பெயரையும் அடித்துவிட வேண்டாம், கீழே தள்ளினால் போதும்.

எழுத்துக்கூட்டலில்தான் பாதிப் பேர் தொலைந்து போகிறார்கள். பி, ஈ, என், ஜி, ஈ, எல், எல், ஒய் என்பது இன்றைய வடிவம். பழைய ஏடுகளில் நடுவில் உள்ள ஈ இருக்குமிடத்தில் ஐ வந்து ‘பெங்கில்லி’ ஆகும், ஏ வந்து ‘பெங்கல்லி’ ஆகும். கடைசியில் ஒய்க்கு முன் ஒரு ஈ கூடும். எழுதியவர் காதால் கேட்டதை எழுதினார், அவ்வளவுதான். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர்கள் முதல் எழுத்தை பி-க்குப் பதில் டி, எஃப், ஆர் என்றும் படித்திருக்கிறார்கள். உயிரெழுத்து வரும் இடங்களில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுங்கள். அதிலும் கிடைக்கவில்லை என்றால் குடும்பப் பெயரையே விட்டுவிட்டு முதற்பெயர், வயது, பேரிஷ் மட்டும் போட்டுத் தேடுங்கள்.

கணக்குத் தாள் கிடைத்ததும் ஜானின் வரியோடு நின்றுவிடாதீர்கள். உடன்பிறந்தவர்களின் ‘பிறந்த இடம்’ பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒரு மாதிரி வீட்டைக் காட்டுகிறேன்: தந்தை 41, பிறப்பு வென்ட்ரன். மூத்த பெண் 16, செயின்ட் கிளியர். அடுத்தவன் 12, தென் ஆஸ்திரேலியாவின் மூன்டா. பிறகு ஜான் 6, கேம்போர்ன். கைக்குழந்தை 5 மாதம், கேம்போர்ன். அந்த ஐந்து வரியில் ஒரு குடும்பத்தின் பதினாறு வருட அலைச்சல் இருக்கிறது. மேற்கே ஹெல்ஸ்டன் பக்கத்து வென்ட்ரனிலிருந்து கிழக்கே கேரடன் குன்றின் செம்புச் சுரங்கங்களுக்குப் போனார். 1866-ல் செம்பு விலை சரிந்து சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடியபோது கப்பலேறினார். மூன்டாவில் 1861-ல் செம்பு கிடைத்திருந்தது. கார்ன்வால்காரர்கள் அங்கே கூட்டமாகப் போயிருந்தார்கள். பிறகு ஊர் திரும்பி, டோல்கோத் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த கேம்போர்னில் தங்கினார்.

இப்படிப் பிள்ளைகளின் பிறப்பிடம் வழியாகவே கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலியும், மிச்சிகனின் செம்புத் தீபகற்பமும், 1886-க்குப் பிறகு ஜோகன்னஸ்பர்க்கும் வெளிவரும். கடல் தாண்டாதவர்களும் நகர்ந்தார்கள்: கம்பர்லாந்து, ஃபர்னஸ் பகுதிகளின் இரும்புச் சுரங்கங்களில் கார்ன்வால் குடும்பங்களை நிறையப் பார்க்கலாம். எனவே ஜான் கார்ன்வாலில் கிடைக்கவில்லை என்றால் கதவு அடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் மூன்டாவில் பிறந்திருந்தால் தென் ஆஸ்திரேலியாவின் பிறப்புப் பதிவுகளில் இருப்பார். அங்கே அரசுப் பதிவு 1842-லேயே தொடங்கிவிட்டது.

வீட்டில் தந்தை இல்லாமல் தாய் மட்டும் இருந்தால் அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். அன்றிரவு வீட்டில் இருந்தவர்களை மட்டுமே கணக்கில் எழுதினார்கள். ‘மணமானவர்’ என்று எழுதிவிட்டுத் தொழில் பத்தியில் ‘மைனரின் மனைவி’ என்று போட்டிருந்தால் கணவர் எங்கோ கடல் கடந்து சம்பாதித்து அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வளைகுடாவுக்குப் போனவர் வீட்டில் இன்று கணக்கெடுத்தாலும் இப்படித்தான் இருக்கும்.

1881 தாளில் பொருந்தும் குடும்பம் ஒன்றோ இரண்டோ கிடைத்ததும் பிறப்புப் பதிவுக்குப் போங்கள். இங்கிலாந்தில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்கியது. பதிவாளர் நாயக அலுவலகத்தின் இணைய அட்டவணையில் பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான். பதிவுகள் காலாண்டு வாரியாக அடுக்கப்பட்டவை. பிறந்த நாளை வைத்து அல்ல, பதிந்த நாளை வைத்துக் காலாண்டு அமையும். பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் மார்ச்சில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். உங்கள் தாத்தா விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிறப்பைப் பதியாத பெற்றோருக்கு அபராதம் என்ற சட்டம் 1875 ஜனவரி 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1874-ல் பிறந்தவர் பதியப்படாமலே போயிருக்கலாம்.

அப்போது ஞானஸ்நான ஏடுதான் கதி. ஆங்கிலிக்கன் தேவாலய ஏட்டில் இல்லை என்றால் வியப்படையாதீர்கள். கார்ன்வால் சுரங்கக்காரர்களில் பாதிக்குமேல் மெதடிஸ்டுகள், அவர்களின் சிற்றாலயங்களுக்குத் தனி ஏடுகள். வெஸ்லியன், பைபிள் கிறிஸ்டியன் என்று அதிலும் பிரிவுகள். ‘கார்ன்வால் ஆன்லைன் பேரிஷ் கிளார்க்ஸ்’ என்ற தன்னார்வலர்களின் தரவுத்தளத்தில் இரண்டு வகையும் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. மூல ஏடுகள் ரெட்ரூத் நகரில், பழைய மதுவடிசாலையில் 2019-ல் திறந்த கிரெசென் கெர்னோ ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஒரே பேரிஷில் இரண்டு வில்லியம், இரண்டு ஜான் இருந்தால், இருக்கத்தான் போகிறார்கள், ஒவ்வொரு தம்பதிக்கும் தனித் தாள் போட்டுப் பிள்ளைகளைத் தாயின் பெயரோடு சேர்த்து அடுக்குங்கள். பிறகு அடக்க ஏட்டைப் பாருங்கள். குழந்தையிலேயே இறந்துபோன ஜானை வளர்த்து ஆளாக்கித் தங்கவயலுக்கு அனுப்பிவைத்த குடும்ப மரங்கள் இணையத்தில் ஏராளம். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பதும் அங்கே வழக்கம் என்பதால், ஒரே வீட்டில் இரண்டு ஜான் வந்தால் இரண்டாமவரே உங்கள் ஆளாக இருக்கலாம். 1911 கணக்கில் பெற்றோர் உயிரோடு இருந்தால், பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று அந்தத் தாளிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் அடுக்கை அதோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

சரியான ஜானை உறுதிசெய்ய இந்தியாவோடு ஒரு முடிச்சு வேண்டும். இங்கிலாந்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே போன கப்பல்களின் பயணிகள் பட்டியல் 1890 முதல் இருக்கிறது. ட்ரூரோவின் வெஸ்ட் பிரிட்டன், பென்சான்ஸின் கார்னிஷ்மன் போன்ற உள்ளூர்ப் பத்திரிகைகள் வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர்களின் கல்யாணம், சாவு, விபத்துச் செய்திகளை வெளியிட்டன. 1909 பிப்ரவரித் திருமணத்துக்கு மார்ச், ஏப்ரல் இதழ்களில் ‘இன்ன ஊர் வில்லியமின் மகன்’ என்று ஒரு வரி இருந்தால் உங்கள் கேள்விக்கு அதுதான் விடை. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்கைவ் தளத்தில் ‘மைசூர்’, ‘கோலார்’, ‘சாம்பியன் ரீஃப்’ (தங்கவயல் சுரங்கம் ஒன்றின் பெயர்) என்ற சொற்களோடு பெங்கெல்லியைச் சேர்த்துத் தேடுங்கள். ‘இந்தியா’ என்று மட்டும் போட்டால் குவியலில் மூழ்கிவிடுவீர்கள்.

பேரிஷ் உறுதியானால் அதற்கு முந்தைய தலைமுறைகள் வேகமாக வரும். 1851 முதல் கணக்குகளில் பிறந்த பேரிஷ் உண்டு. 1841-ல் அது இல்லை. 15-க்கு மேற்பட்டவர்களின் வயதையும் ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள், 34 வயதுக்காரர் 30 ஆவார். 1813-க்குப் பிந்தைய ஞானஸ்நான ஏடுகளில் தந்தையின் தொழிலும் குடியிருந்த இடமும் அச்சுப் பத்திகளாக உண்டு. அதற்கு முன் பெயர்கள் மட்டுமே மிஞ்சும்.

கூடத்தில் மாட்டிய சின்னத்தைப் பற்றி: இங்கிலாந்தில் ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் அதைத் தனி ஆளுக்கு வழங்கும். அவரும் அவருடைய ஆண்வழி வாரிசுகளும்தான் உரியவர்கள். கடைக்காரர் விற்றது வேறு யாரோ ஒருவருக்குக் கிடைத்ததாகவும் இருக்கலாம், சும்மா வரைந்ததாகவும் இருக்கலாம். படம் அழகாக இருந்தால் சுவரிலேயே இருக்கட்டும்.

மரபணுச் சோதனையை நீங்கள் செய்துகொள்வதைவிட அம்மாவோ மாமாவோ செய்துகொள்வது நல்லது. ஜானின் மரபணுவில் உங்களிடம் இருப்பது எட்டில் ஒரு பங்கு, அவர்களிடம் நான்கில் ஒரு பங்கு. ஜானுடன் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களுக்கு இரண்டாம் தலைமுறை ஒன்றுவிட்ட உறவு. அந்த நெருக்கத்தில் பொருத்தம் தவறாது என்றே சொல்லலாம். உங்கள் தலைமுறைக்கு வந்தால் பத்தில் ஒருவரோடு பொருத்தமே காட்டாமல் போகும். ஆண்வழியே இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை மாமாவுக்கு மட்டும்தான் பயன்படும். குறைந்தது 37 குறியீடுகள் பார்க்கும் சோதனையாக எடுக்கச் சொல்லுங்கள். அது இரண்டு பெங்கெல்லிகள் ஒரே ஆண்வழியா இல்லையா என்பதைச் சொல்லும், பேரிஷைச் சொல்லாது. ஆகவே தாள் வேலை முடிந்து, எந்தப் பெங்கெல்லிக் கிளையோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்த பிறகு அதற்குப் பணம் கட்டுங்கள். அதற்கு முன்னால் அந்த இரண்டு சாட்சிகளின் பெயரைப் படித்து எங்களுக்கு எழுதுங்கள். எழுத்து புரியவில்லை என்றால் அந்தப் பகுதியை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள்.